ஐடா லுப்பினோ: சொந்தக் கம்பெனி தந்த இயக்குநர் நாற்காலி

ஐடா லுப்பினோ லண்டனில் பிறந்து ஹாலிவுட்டில் வாழ்ந்த நடிகை. கதை எழுதியவர், படம் தயாரித்தவர், இயக்கியவர். 1949இலிருந்து 1953க்குள் ஆறு படங்களை அவர் இயக்கினார். அவற்றில் முதல் படத்தில் இயக்குநர் என்று அவர் பெயர் போடப்படவில்லை. டாரதி ஆர்ஸ்னர் 1943இல் தம் கடைசிக் கதைப்படத்தை முடித்துக்கொண்டு விலகிய பிறகு, ஹாலிவுட்டில் தொடர்ந்து படம் இயக்கிய பெண் என்று அந்த ஆண்டுகளில் லுப்பினோவைத் தவிர வேறொருவரைச் சுட்ட முடியாது. இதைத் தனியொரு பெண்ணின் துணிச்சல் கதையாகச் சொல்வது வழக்கம். துணிச்சலுக்குக் குறைவில்லைதான். ஆனால் அவர் இயக்குநரான விதத்தையும், பிறகு சினிமாவில் இயக்கம் அவர் கையைவிட்டுப் போன விதத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் விடை கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் கிடைக்கிறது. படமெடுக்கும் நிறுவனம் தம்முடையதாக இருந்தவரை அவர் சினிமா இயக்குநராக இருந்தார். அது மூடப்பட்டபின் அவரை நம்பிப் பெரிய படம் கொடுக்க ஒரு ஸ்டூடியோ முன்வர பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அவர் பிறந்தது 1918 பிப்ரவரி 4, லண்டனின் ஹெர்ன் ஹில் பகுதியில். தந்தை ஸ்டான்லி லுப்பினோ மியூசிக் ஹால் மேடைகளில் பேர் வாங்கிய நகைச்சுவை நடிகர். தாய் கானி எமரால்டும் மேடை நடிகை. கூத்தும் ஆட்டமும் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிவந்த குடும்பம் அது. பிள்ளைகள் நடிக்கப் போவதை அங்கே யாரும் முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை. ராயல் அகாடமி ஆஃப் டிரமாட்டிக் ஆர்ட்டில் ஐடா பயிற்சி பெற்றார். 1932இல் ஆலன் டுவான் இயக்கிய 'ஹெர் ஃபர்ஸ்ட் அஃபேர்' அவருடைய முதல் முக்கியப் படம். அந்த வேடத்துக்குத் தேர்வுக்குப் போனது தாய் என்றும், உடன் வந்த மகளைப் பார்த்த இயக்குநர் அவரையே போட்டுவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. ஐடாவுக்கோ நடிப்பில் பெரிய மோகம் இருந்ததில்லை. எழுத்தும் இசையும்தான் அவர் விரும்பியவை. அவர் அமைத்த ஓர் இசைப்படைப்பை லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு பின்னாளில் வாசித்திருக்கிறது.

1933இல் பாரமவுண்ட் ஸ்டூடியோ அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டது. 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' படத்தின் ஆலிஸாக அவரைப் போடும் எண்ணம் இருந்தது. நேரில் பார்த்ததும் இந்தப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் குழந்தைத்தனம் போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகள் வெளிர்பொன் சாயம் பூசிய தலைமுடியும் வரைந்த புருவமுமாகச் சில்லறை வேடங்களில் கழிந்தன. 1934இல் போலியோ தாக்கியது. மீண்டுவிட்டார் என்றாலும் அந்த அனுபவத்தின் தடம் நிலைத்தது. உடம்பை மட்டும் நம்பி வாழும் தொழில் ஒரே இரவில் கைவிட்டுப் போகலாம் என்பதால் எழுத்து, தயாரிப்பு ஆகியவற்றின் பக்கம் மனம் திரும்பியது என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பெயரோடு வெளிவந்த முதல் இயக்கம் போலியோ தாக்கிய நடனப் பெண்ணைப் பற்றியதாக அமைந்தது தற்செயல் ஆகாது.

நடிகையாக அவர் நிலைபெற்றது 1939இலிருந்து. வில்லியம் வெல்மன் இயக்கிய 'தி லைட் தட் ஃபெய்ல்ட்' படத்தில் ஓவியனின் தலைசிறந்த படைப்பை ஆத்திரத்தில் சிதைக்கும் கீழ்த்தட்டு லண்டன் பெண் வேடத்தை, அழைப்பில்லாமல் இயக்குநரின் அறைக்குள் நுழைந்து நடித்துக்காட்டி வாங்கினார். அடுத்த ஆண்டு ராவுல் வால்ஷின் 'தே டிரைவ் பை நைட்'டில், கணவனைக் கொன்றுவிட்டு நீதிமன்றச் சாட்சிக்கூண்டில் மனம் பேதலித்துச் சிதறும் காட்சி அவரை வார்னர் பிரதர்ஸின் முன்னணி நடிகையாக்கியது. 1941இல் வந்த 'ஹை சியரா'வின் பெயர்ப்பட்டியலில் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு முன்னால் இருப்பது லுப்பினோவின் பெயர். 'தி ஹார்ட் வே' படத்துக்காக 1943இன் சிறந்த நடிகை விருதை நியூயார்க் திரைப்பட விமர்சகர் வட்டம் அவருக்கு அளித்தது.

இத்தனைக்குப் பிறகும் வார்னரில் அவர் இரண்டாமிடத்து நடிகைதான். பெட்டி டேவிஸ் வேண்டாம் என்று தள்ளிய வேடங்கள் அவரிடம் வந்தன. ஏழைகளின் பெட்டி டேவிஸ் என்று தம்மைத் தாமே கிண்டல் செய்துகொண்டார். பிடிக்காத வேடங்களை அவர் மறுத்தார். மறுத்தால் ஸ்டூடியோ சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்யும். அந்தக் கால ஏழாண்டு ஒப்பந்தங்களில் இன்னொரு கொடுமையும் இருந்தது: இடைநீக்கம் நீடித்த நாட்களை ஒப்பந்தக் காலத்தின் வாலில் ஒட்டிவிடுவார்கள். ஒலிவியா டி ஹாவிலண்ட் தொடுத்த வழக்கில் 1944இல் கலிபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகே இந்த வழக்கத்துக்கு முடிவு வந்தது. வேலையில்லாத அந்த நாட்களை லுப்பினோ வீணாக்கவில்லை. வால்ஷ் போன்றவர்கள் காட்சியை எப்படிப் பிரிக்கிறார்கள், கேமராவை எங்கே வைக்கிறார்கள், படத்தொகுப்பில் எதை வெட்டுகிறார்கள் என்று கூடவே நின்று பார்த்தார். நடிகை சும்மா உட்கார்ந்திருக்க மற்றவர்கள் சுவையான வேலையெல்லாம் செய்கிறார்கள் என்ற பொறாமை தமக்கு இருந்ததை அவர் மறைத்ததில்லை. படத்தயாரிப்பைக் கற்றுத்தரும் பள்ளிக்கூடமாக இடைநீக்கத்தை மாற்றிக்கொண்டவர்கள் ஹாலிவுட் வரலாற்றில் அதிகமில்லை.

1947இல் வார்னருடன் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்க அவர் விரும்பவில்லை. முதல் கணவர் லூயி ஹேவர்டுடன் ஏற்கனவே மணமுறிவு ஆகியிருந்தது. 1948இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். கொலம்பியா ஸ்டூடியோவில் நிர்வாகியாக இருந்த கோலியர் யங்கை அதே ஆண்டில் மணந்தார். தொழில் சூழலும் அப்போது புரண்டுகொண்டிருந்தது. பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களையும் தம் வசம் வைத்திருப்பது ஏகபோகம் என்று 1948 மே மாதம் பாரமவுண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை தங்கள் படங்களுக்கென்றே திறந்திருந்த தியேட்டர் வாசல்கள் வெளியார் படங்களுக்கும் திறக்கும் நிலை வந்தது. சிறிய முதலில் தனித்துப் படமெடுக்க நினைத்தவர்களுக்கு அது நம்பிக்கை தந்த காலம். லுப்பினோ, யங், ஆன்சன் பாண்ட் ஆகியோர் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு ஐடாவின் தாயுடைய மேடைப் பெயரை வைத்து எமரால்ட் புரொடக்ஷன்ஸ் என்று பெயரிட்டார்கள். ஒரு விருந்தில் இத்தாலிய இயக்குநர் ரோபர்ட்டோ ரோசெல்லினி, சாதாரண மனிதர்களின் சாதாரண வாழ்க்கையை ஹாலிவுட் எப்போது எடுக்கப்போகிறது என்று கேட்டது தம் மனதில் தைத்ததாக லுப்பினோ கூறியிருக்கிறார். அது எவ்வளவு தூரம் தூண்டுதலாக இருந்ததோ, கையில் இருந்த பணம் நட்சத்திரங்களையும் செட்டுகளையும் தாங்காது என்பதும் அதே அளவு காரணம். தெருவில் எடுத்தால் செலவு குறையும். தெருவில் எடுத்தால் படம் உண்மையாகவும் தெரியும்.

முதல் படம் 'நாட் வாண்டட்' (1949). திருமணமாகாமல் தாயாகிக் குழந்தையைத் தத்துக்கொடுத்துவிடும் இளம்பெண்ணின் கதை. பால் ஜாரிக்கோவுடன் சேர்ந்து திரைக்கதையில் லுப்பினோவின் கையும் இருந்தது. இயக்க நியமிக்கப்பட்டவர் மௌனப்பட காலத்து அனுபவசாலி எல்மர் கிளிஃப்டன். படப்பிடிப்பு தொடங்கிய சில நாட்களிலேயே அவருக்கு மாரடைப்பு. வேறொரு இயக்குநரைச் சம்பளத்துக்கு அமர்த்தக் கம்பெனியிடம் காசில்லை. தயாரிப்பாளர் லுப்பினோ தாமே கேமராவுக்குப் பின்னால் போனார். கிளிஃப்டன்மீது இருந்த மரியாதையால் பெயர் மட்டும் அவருடையதாகவே விடப்பட்டது. ஸ்டூடியோவின் சம்பள நடிகையாக இருந்திருந்தால் இந்த வாய்ப்பு அவரிடம் வந்திருக்காது. ஸ்டூடியோவின் பட்டியலில் மாற்று இயக்குநர்கள் வரிசையில் நிற்பார்கள்.

அந்தப் படத்தின் தொடக்கம் இன்றும் கலங்கவைக்கிறது. மேடேறும் ஒரு தெருவில் பித்துப்பிடித்தவள்போல் ஒரு பெண் நடந்து வருகிறாள். கடை வாசலில் தள்ளுவண்டியில் கிடக்கும் யாருடைய குழந்தையையோ தூக்கிக்கொண்டு நடக்கிறாள். அவளைச் சிறையில் அடைத்த பிறகுதான் முன்கதை வருகிறது. பிரசவ அறைக்கு அவளைக் கொண்டுபோகும்போது கேமரா அவள் கண்ணாகிறது. கூரை விளக்குகள் நகர்கின்றன. குனிந்து பார்க்கும் மருத்துவர்களின் முகங்கள் உருத்திரிகின்றன. முடிவில், போரில் காலை இழந்த இளைஞன் அவளைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். தெரு, படிக்கட்டு, நடைப்பாலம் என்று நீளும் அந்த ஓட்டம் அவன் தவறி விழும்வரை நிற்பதில்லை. விழுந்தவனிடம் அவள் திரும்பி வருகிறாள். இதில் நடித்த சாலி ஃபாரஸ்ட், கீஃப் பிரசல் இருவரும் அப்போது புதுமுகங்கள். ஜோசஃப் பிரீன் தலைமையில் இயங்கிய தணிக்கை அலுவலகம் இத்தகைய கதைகளை ஏற்கத்தகுந்தவையாகக் காட்டக் கூடாது என்பதில் கறாராக இருந்தது. அவர்களோடு ஒவ்வொரு காட்சிக்கும் பேச்சுவார்த்தை நடத்தித்தான் படம் வெளிவந்தது. இரண்டு லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்த படம் நல்ல வசூலைக் கண்டது.

பாண்ட் விலகினார். கம்பெனி 'தி ஃபில்மேக்கர்ஸ்' என்று பெயர் மாறியது. அடுத்து வந்த 'நெவர் ஃபியர்' படம்தான் லுப்பினோவின் பெயர் இயக்குநராகத் திரையில் வந்த முதல் படம். நடன ஜோடியில் பெண்ணுக்குப் போலியோ வருகிறது. மறுவாழ்வுக் காட்சிகள் சாண்டா மோனிகாவில் இருந்த கபாட்-கைசர் மருத்துவ நிலையத்திலேயே எடுக்கப்பட்டன. அங்கிருந்த உண்மையான நோயாளிகள் சக்கர நாற்காலிகளில் அமர்ந்தபடியே ஆடும் குழு நடனம் படத்தின் உச்சம். அதில் இரக்கம் கோரும் பாவனை துளியும் கிடையாது. சக்கரங்கள் திரும்புவதும் கோர்ப்பதும் பிரிவதுமாக, நடனத்தின் ஒழுங்கில் கேமரா லயித்துவிடுகிறது. ஆனால் நோயைப் பார்க்கக் காசு கொடுக்க மக்கள் தயாராக இல்லை. படம் கையைக் கடித்தது.

அந்த இழப்புக்குப் பிறகுதான் ஹோவர்ட் ஹியூஸ் நுழைகிறார். விமானத் தொழிலதிபரான அவர் 1948இல் ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவை வாங்கியிருந்தார். ஃபில்மேக்கர்ஸின் அடுத்த மூன்று படங்களுக்கு ஆர்.கே.ஓ. பணம் போடும், விநியோகம் செய்யும். லாபத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. சின்னக் கம்பெனிக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஆனால் கதையிலும் தலைப்பிலும் விளம்பரத்திலும் ஹியூஸ் தரப்பின் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாட்டில் வந்த முதல் படமான 'அவுட்ரேஜ்' (1950) லுப்பினோவின் மிகத் துணிச்சலான படைப்பு. திருமணம் நிச்சயமான, அலுவலகத்தில் கணக்கெழுதும் ஆன் வால்டன் என்ற பெண் வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும்போது, தினமும் அவளைச் சீண்டிவந்த காபிக்கடைக்காரன் ஒருவனால் வன்புணர்வுக்கு ஆளாகிறாள். அந்தச் சொல்லைப் படத்தில் உச்சரிக்கத் தணிக்கை விதி இடம்தரவில்லை. துரத்தும் காட்சியை லுப்பினோ கிட்டத்தட்ட வசனமே இல்லாமல் நடத்துகிறார். காலியான சரக்குக் கிடங்குகள், வரிசையாக நிற்கும் லாரிகள், எதிரொலிக்கும் காலடி, யாரும் கேட்காத ஹாரன் சத்தம். மாடி வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சன்னலைச் சாத்திக்கொள்கிறார். தணிக்கைக்காரர்கள் வாயை அடைத்ததால் சுற்றுப்புறம் பேசுகிறது. சொல்லத் தடையில்லாத காலத்துப் படங்கள் பல இந்த ஐந்து நிமிடத்தை எட்டவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அதற்கும் மேலானது அதன்பின் வரும் பகுதி. அக்கம்பக்கத்தாரின் பார்வைகள், அலுவலகத்தில் சக ஊழியர் முத்திரை குத்தும் டக் டக் ஒலி, மேசையில் தட்டும் விரல்கள் எல்லாம் அவளுக்குள் பெருகி அறைகின்றன. நிச்சயித்த மணவாளன் உடனே கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாம் என்கிறான்; அவன் தொட்டதும் அவள் அலறுகிறாள். ஊரைவிட்டே ஓடுகிறாள். பிற்பகுதியில் ஆரஞ்சுத் தோட்ட ஊரில் அவளைத் தேற்றும் இளம் போதகர் நிறையவே பேசுகிறார். குற்றவாளியையும் நோயாளியாகப் பார்த்துச் சமூகமே பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் அவர் செய்யும் பிரசங்கம் படத்தின் வேகத்தைக் குலைத்துவிடுகிறது. காட்சியால் சொல்லத் தெரிந்தவர் பிரசங்கத்தில் அடைக்கலம் புகுவது லுப்பினோவின் தொடர்ந்த பலவீனம். ஆன் வேடத்தில் நடித்த மாலா பவர்ஸுக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை.

1950இல் ஸ்கிரீன் டைரக்டர்ஸ் கில்டு என்ற இயக்குநர் சங்கத்தில் லுப்பினோ உறுப்பினரானார். ஆர்ஸ்னருக்குப் பின் அதில் சேர்ந்த இரண்டாவது பெண் அவர். மற்றவர் எல்லோரும் ஆண்களாக அமர்ந்த கூட்டங்களில் அவருக்கென்று தனியாக ஒரு விளிப்பைச் சேர்த்துத்தான் பேச்சைத் தொடங்குவார்களாம்.

'ஹார்ட், ஃபாஸ்ட் அண்ட் பியூட்டிஃபுல்' (1951) தலைப்பைப் பார்த்தால் வேறு எதையோ எதிர்பார்க்க வேண்டியிருக்கும். உள்ளே இருப்பது டென்னிஸ் ஆடும் மகளும், அவள் வெற்றியைக் காசாக்கும் தாயும். ஜான் ஆர். டியூனிஸின் நாவலிலிருந்து எடுத்த கதை. கிளேர் டிரெவர் நடித்த அந்தத் தாயை வில்லியாக்கிவிடுவது எளிது. நடுத்தர வர்க்க வீட்டுக்குள் அடைபட்டுத் தன் ஆசைகளுக்கு வடிகால் இல்லாத பெண்ணாகவும் அவள் தெரியும்படி படம் இடம் விடுகிறது. தயாரிப்பில் குறை சொல்ல இடமிருந்தாலும் ஃபாரஸ்ட் ஹில்ஸ் மைதானக் காட்சிகளில் சூது, பணம், தேசப் பெருமை எல்லாம் ஒரே பந்தில் உருள்கின்றன.

சொந்த வாழ்க்கையில் அதே ஆண்டு யங்கை விட்டுப் பிரிந்து நடிகர் ஹோவர்ட் டஃபை மணந்தார். 1952இல் மகள் பிறந்தாள். யங் நடிகை ஜோன் ஃபான்டெய்னை மணந்துகொண்டார். விந்தை என்னவென்றால் கம்பெனிக் கூட்டு மட்டும் அறுபடவில்லை. இருவரும் சேர்ந்தே எழுதினார்கள், சேர்ந்தே தயாரித்தார்கள். இடையில் நிக்கோலஸ் ரேயின் 'ஆன் டேஞ்சரஸ் கிரவுண்ட்' படத்தில் நடிகையாக இருந்தபோது, ரே உடல்நலமின்றிப் போன சில நாட்கள் அங்கும் லுப்பினோ இயக்கத்தைக் கவனித்துக்கொண்டார்.

'தி ஹிட்ச்-ஹைக்கர்' (1953) பெண்கள் எவரும் முக்கிய வேடத்தில் இல்லாத படம். பில்லி குக் என்பவன் 1950 இறுதியிலும் அடுத்த ஆண்டின் தொடக்கத்திலும் வழியில் கார்களை மறித்து ஏறி ஆறு பேரைக் கொன்றான். 1952 டிசம்பரில் அவனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அவன் பிணையாகப் பிடித்துச் சென்றவர்களில் ஒருவரை லுப்பினோ சந்தித்துப் பேசி, கதைக்கான அனுமதியைப் பெற்றார். அண்மைக்காலக் குற்றவாளியை அவன் பெயரிலேயே படமாக்கத் தணிக்கை விதியில் தடை இருந்ததால் பெயர் எம்மட் மையர்ஸ் என்றாயிற்று. மீன்பிடிக்க மெக்சிகோவுக்குப் போகும் இரண்டு நண்பர்கள் வழியில் ஒருவனை ஏற்றிக்கொள்கிறார்கள். அவனுடைய ஒரு கண் மூடாது. இரவில் அவன் தூங்குகிறானா விழித்திருக்கிறானா என்று கட்டுண்டவர்களுக்குத் தெரிய வழியில்லை. இந்த ஒரே கண்ணை வைத்து எழுபது நிமிடத்துக்கு உயிர்ப்பயம் தளராமல் பிடித்துக்கொள்கிறார் லுப்பினோ.

ஒளிப்பதிவாளர் நிக்கோலஸ் மஸ்யுராக்கா 'கேட் பீப்பிள்', 'அவுட் ஆஃப் த பாஸ்ட்' படங்களில் நிழலை ஆண்டவர். இங்கே காருக்குள் இருளும், லோன் பைன் ஊரையொட்டிய அலபாமா ஹில்ஸ் பாறைவெளியில் கண்கூசும் வெயிலும். இருட்டில்தான் ஆபத்து என்ற குற்றப்படங்களின் பழக்கத்தை இந்த வெயில் புரட்டிப்போடுகிறது. ஒளிய ஒரு புதர்கூட இல்லாத வெட்டவெளி சிறைபோல இறுகுகிறது. மெக்சிகோக்காரர்கள் ஸ்பானிய மொழியில் பேசுவதை லுப்பினோ மொழிபெயர்க்கவில்லை. மொழி தெரியாத கொலைகாரனின் சந்தேகம் பார்வையாளரையும் தொற்றிக்கொள்ள அது உதவுகிறது. ஒருவன் கையில் தகர டப்பாவைப் பிடிக்கச் சொல்லி மற்றவனைச் சுடவைக்கும் காட்சியில் கொலைகாரன் சோதிப்பது குறிதவறாமையை மட்டுமா? ஒருவரையொருவர் விட்டு ஓடியிருந்தால் தப்பித்திருக்கலாம், நட்புதான் உங்களைப் பலவீனமாக்கியது என்று அவன் பின்னால் எகத்தாளம் பேசுகிறான். போர் முடிந்து வீடு, வேலை, மனைவி என்று அமர்ந்துவிட்ட அமெரிக்க ஆண்களின் நிம்மதி எவ்வளவு மெல்லியது என்பதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டிய படம் அந்தப் பத்தாண்டில் குறைவு. மையர்ஸாக நடித்த வில்லியம் டால்மன், எட்மண்ட் ஓ'பிரையன், ஃபிராங்க் லவ்ஜாய் என மூன்று பேரை மட்டும் வைத்துக்கொண்டு நடந்த வேலை இது. கதைக்கு மூலம் தந்த டேனியல் மெயின்வாரிங்கின் பெயர் படத்தில் இடம்பெறவில்லை.

ஆர்.கே.ஓ.வுடனான கூட்டு இத்துடன் முடிந்தது. பாதி லாபம் வெளியே போவது யங்குக்குப் பொறுக்கவில்லை. விநியோகத்தையும் நாமே செய்துவிடலாம் என்றார். நாம் படமெடுக்கத் தெரிந்தவர்கள், பெட்டியை ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் வியாபாரம் நமக்கு வேண்டாம் என்று லுப்பினோ தடுத்துப் பார்த்தார்; அவர் குரல் எடுபடவில்லை.

அப்படிச் சொந்த விநியோகத்தில் வந்த முதல் படம் 'தி பிகாமிஸ்ட்' (1953). தாமே நடித்துத் தாமே இயக்கியது லுப்பினோவுக்கு இதுதான் முதல்முறை. சான் ஃபிரான்சிஸ்கோவில் மனைவியுடன் சேர்ந்து ஃப்ரீசர் வியாபாரம் செய்யும் ஹாரி, அடிக்கடி போய்வரும் லாஸ் ஏஞ்சலிஸில் தனிமை தாளாமல் ஒரு சீன உணவகப் பரிசாரகியோடு பழகி, அவள் கருவுற்றதும் அவளையும் மணந்துவிடுகிறான். குழந்தை தத்தெடுக்க விண்ணப்பித்த தம்பதியை விசாரிக்க வரும் அதிகாரியிடம் குட்டு உடைகிறது. மனைவியாக நடித்தவர் ஜோன் ஃபான்டெய்ன், அதாவது கதை எழுதித் தயாரித்த யங்கின் அப்போதைய மனைவி. இரண்டாமவளாக நடித்து இயக்கியவர் யங்கின் முன்னாள் மனைவி. பத்திரிகைகளுக்கு இதைவிட நல்ல தீனி கிடைக்குமா? படமோ கிசுகிசுவுக்கு இடம்தராமல் நிதானமாக நடக்கிறது. மூவரில் யாரையும் அது குற்றக்கூண்டில் ஏற்றுவதில்லை. வியாபாரத்தில் கணவனைவிடக் கெட்டிக்காரியான மனைவியும், எதையும் எதிர்பார்க்காத காதலியும், இருவருக்கும் நல்லவனாக இருக்கப்போய் இருவரையும் ஏமாற்றியவனும் நீதிமன்றத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் பார்வைகளில் படம் முடிகிறது. தண்டனையை நீதிபதி அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்துவிடுகிறார். நட்சத்திரங்களின் வீடுகளைக் காட்டும் பஸ்ஸில் ஓட்டுநர் எட்மண்ட் க்வென்னின் வீட்டைச் சுட்டிக்காட்டுவது, அந்த அதிகாரியாக நடிப்பவரே க்வென் என்பதால் வரும் குறும்பு.

லுப்பினோ பயந்ததே நடந்தது. பெரிய ஸ்டூடியோக்களின் விநியோகக் கிளைகளோடு போட்டியிட ஃபில்மேக்கர்ஸுக்கு ஆளும் இல்லை, கையிருப்பும் இல்லை. 1954இல் டான் சீகல் இயக்க, லுப்பினோவும் யங்கும் எழுதிய 'பிரைவேட் ஹெல் 36' வந்தது. அத்தோடு கம்பெனி மெல்ல ஓய்ந்துபோனது. படமெடுப்பதில் தோற்று மூடிய நிறுவனமாக இதைச் சொல்ல முடியாது; படப்பெட்டியை விற்கும் தொழிலில் கால்வைத்து நொடித்தது அது.

அதன் பிறகு வேலை தந்தது தொலைக்காட்சி. டேவிட் நிவன், டிக் பவல், சார்லஸ் போயே ஆகியோரின் 'ஃபோர் ஸ்டார் பிளேஹவுஸ்' தொடரில் அவர் தொடர்ந்து நடித்தார். 1957இல் கணவர் டஃபோடு சேர்ந்து நடித்த 'மிஸ்டர் ஆடம்ஸ் அண்ட் ஈவ்' நடிகத் தம்பதியைப் பற்றிய நகைச்சுவைத் தொடர். இயக்குநராகவும் அழைப்புகள் குவிந்தன. 'ஹேவ் கன் – வில் டிராவல்', 'தி அன்டச்சபிள்ஸ்', 'ஆல்ஃப்ரட் ஹிட்ச்காக் பிரசன்ட்ஸ்', 'தி ஃபியூஜிட்டிவ்' என்று மேற்கத்திய சாகசமும் குற்றமும் திகிலும்தான் பெரும்பாலும். போரிஸ் கார்லஃப் முன்னின்று வழங்கிய 'திரில்லர்' தொடரில் பல பகுதிகள் அவருடையவை. குறைந்த பணத்தில், குறித்த நாளில் முடிப்பார் என்ற பெயர் தொலைக்காட்சியின் அவசரத்துக்குப் பொருந்தியது. பெண் இயக்குநரிடம் குடும்பக் கதைகளைக் கொடுப்பார்கள் என்று நினைத்திருந்தால் அது தவறு. 'தி ஹிட்ச்-ஹைக்க'ரைப் பார்த்தவர்கள் துப்பாக்கிக் கதைகளையே அவரிடம் நீட்டினார்கள்.

'தி ட்விலைட் ஸோன்' தொடரின் பழைய வரிசையில் இயக்கிய ஒரே பெண் அவர். அதில் நடித்தும் இயக்கியும் இருக்கும் ஒரே ஆளும் அவர்தான். 1959இல் நடித்த பகுதியில், பழைய படங்களை இருட்டறையில் ஓட்டிப் பார்த்தபடி வாழும் மறந்துபோன நட்சத்திரம். 1964இல் இயக்கிய 'தி மாஸ்க்ஸ்' பகுதியில் நியூ ஆர்லியன்ஸின் திருவிழா இரவில் சாகக் கிடக்கும் பணக்காரர் தம் சொத்துக்குக் காத்திருக்கும் உறவினரை நள்ளிரவு வரை கோர முகமூடிகள் அணியச் சொல்கிறார். முகமூடியைக் கழற்றும்போது முகங்களும் அவ்வாறே ஆகியிருக்கின்றன.

படப்பிடிப்பில் அவர் ஆண்களை அதட்டி வேலை வாங்கவில்லை. அம்மாவுக்கு ஒரு சிக்கல், கொஞ்சம் உதவ முடியுமா என்ற தோரணையில் கேட்பார். குழுவினர் அவரை அம்மா என்றே அழைத்தார்கள். இயக்குநர் நாற்காலியின் முதுகிலும் அப்படித்தான் எழுதியிருந்தது. ஆணுக்குக் கட்டளையிடும் பெண்ணை ஆண்கள் சகிக்க மாட்டார்கள் என்று அவர் வெளிப்படையாகவே பேசினார். பிற்காலப் பெண்ணியவாதிகளுக்கு இந்தப் பேச்சு உவப்பாக இல்லை. 1974இல் மாலி ஹேஸ்கல் தம் நூலில் லுப்பினோவின் படங்களைப் பழமைப்போக்கு உடையவை, பெண்ணை இழிவுபடுத்தும் சாயல்கூடக் கொண்டவை என்று மதிப்பிட்டார். அந்த மதிப்பீட்டில் ஓரளவு நியாயம் உண்டு: நாயகிகள் கடைசியில் ஆண் ஒருவன் கைபிடித்தே மீள்கிறார்கள். ஆனால் முடிவுகளைத் தணிக்கையும் சந்தையும் தீர்மானித்த காலத்தில் ஒரு படத்தை அதன் கடைசி ஐந்து நிமிடத்தைக் கொண்டு எடைபோடுவது முறையாகாது. வன்புணர்வுக்குப்பின் ஒரு பெண்ணின் காதில் முத்திரை ஒலி எப்படி விழும் என்று யோசித்த இயக்குநர் அன்றைக்கு வேறு யார்?

'தி பிகாமிஸ்ட்' வந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 1966இல் கொலம்பியா ஸ்டூடியோ 'தி டிரபிள் வித் ஏஞ்சல்ஸ்' படத்தை அவரிடம் ஒப்படைத்தது. கன்னியர் மடப் பள்ளியில் குறும்பு செய்யும் இரு மாணவியரும் அவர்களைச் சமாளிக்கும் தலைமைக் கன்னியும். ஹேலி மில்ஸும் ரோசலிண்ட் ரஸலும் நடித்த இந்த வண்ணப் படம் நன்றாக ஓடியது. அதில் பழைய லுப்பினோவின் சாயல் கொஞ்சம்தான். ஆண்களின் தலையீடு இல்லாத ஒரு பெண்கள் உலகை அக்கறையோடு பார்க்கும் பார்வையில் அது எட்டிப்பார்க்கிறது. வசூல் கண்ட படத்தின் இயக்குநருக்கு அடுத்த படம் வருவது தொழிலின் நியதி. அவருக்கு வரவில்லை. கதைப்படம் இயக்கியது அதுவே கடைசி.

எழுபதுகளில் அவர் மீண்டும் நடிகையாகவே தெரிந்தார். சாம் பெக்கின்பாவின் 'ஜூனியர் பானர்' (1972) படத்தில் ஸ்டீவ் மக்குவீனின் தாயாக வந்த வேடம் நினைவில் நிற்பது. அந்தப் பத்தாண்டின் முடிவில் நடிப்பிலிருந்தும் ஒதுங்கினார். 1995 ஆகஸ்ட் 3 அன்று தம் 77ஆம் வயதில் லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அவ்வாண்டு மார்ட்டின் ஸ்கார்செசி நியூயார்க் டைம்ஸ் இதழில் அவரைப் பற்றி எழுதிய கட்டுரை, மறுமதிப்பீட்டுக்கு வலுச்சேர்த்தது. அதே ஆண்டில் அனெட் கூன் தொகுத்த ஆய்வுக் கட்டுரை நூலும் வெளியானது. பாதுகாக்கத்தக்க அமெரிக்கப் படங்களுக்கான நேஷனல் ஃபிலிம் ரெஜிஸ்ட்ரியில் 'தி ஹிட்ச்-ஹைக்கர்' 1998இலும் 'அவுட்ரேஜ்' 2020இலும் சேர்க்கப்பட்டன.